ஊர் மறுத்த ரேகை

(திருமங்கலத்தில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



அழைப்பிதழில் என் தலைப்பு 'தனிமனிதரும் அந்தரங்கமும்' என்று இருக்கிறது. ஃபோனில் எந்த அமைப்பை அணைத்து வைக்கலாம், எந்தச் செயலியைத் தூக்கிவிட்டு எதைப் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொல்லித் தருவேன் என எதிர்பார்த்துச் சிலர் வந்திருக்கக்கூடும். பத்து ஆண்டுகளாக நான் செய்துவந்தது அதைத்தான். கல்லூரிகளிலும் நூலகங்களிலும் வாசகர் வட்டங்களிலும் மணிக்கணக்கில் பேசியிருக்கிறேன். இன்று வேறோர் இடத்திலிருந்து தொடங்க அனுமதி கேட்கிறேன். இங்கிருந்து மேற்கே, சேடபட்டிப் பக்கம் இருக்கிற பெருங்காமநல்லூரிலிருந்து.

1920 ஏப்ரல் 3 அன்று அந்த ஊருக்குப் போலீஸ் வந்தது. அப்போது அது திருமங்கலம் தாலுகாவைச் சேர்ந்த ஊர். வந்தவர்கள் யாரையும் தேடி வரவில்லை. திருட்டுப் போனதாகப் புகார் எதுவும் இல்லை. ஊரிலுள்ள ஆண்கள் எல்லாரும் வரிசையில் வந்து, மை தடவிய விரல்களைக் காகிதத்தில் பதிக்க வேண்டும் என்பதுதான் உத்தரவு. ஊர் மறுத்தது. ஒருவர் இருவர் மறுத்து வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொள்ளவில்லை, ஊர் மொத்தமும் வெளியே வந்து நின்று மறுத்தது. போலீஸ் சுட்டது. 16 பேர் செத்தார்கள். அதில் ஒருவர் மாயக்காள் என்ற பெண். காயம்பட்டுக் கிடந்தவர்களுக்குத் தண்ணீர் கொண்டுபோனவர் என்று அவரைப் பற்றிச் சொல்கிறார்கள். பிடிபட்டவர்களைச் சங்கிலியில் பிணைத்துத் திருமங்கலம் வரை நடத்தியே கொண்டுவந்தார்கள் என்பது அந்தப் பக்கத்து ஊர்களின் நினைவு. நாம் பேருந்துக்கு நிற்கிற இதே ஊருக்குத்தான்.

சட்டத்தின் பெயர் குற்றப் பழங்குடிகள் சட்டம். வடக்கே 1871இல் வந்தது, 1911இல் திருத்தி எழுதப்பட்டபோது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைக்கு அருகே கீழக்குயில்குடியில் ஆரம்பித்து, சில ஆண்டுகளில் பிறமலைக் கள்ளர் அனைவர் மேலும் பாய்ந்தது. சட்டப் புத்தகத்தில் உள்ள பெயரை எங்கள் பக்கம் யாரும் சொல்லமாட்டார்கள். 'ரேகைச் சட்டம்' என்பார்கள். சட்டத்தின் நீண்ட பெயரில் இருக்கிற பொய்யை விட்டுவிட்டு, அது உடம்பில் எந்த இடத்தைப் பிடித்ததோ அந்த இடத்தின் பெயரை மக்கள் வைத்தார்கள்.

என் தாத்தா ரேகை வைத்தவர். அந்தச் சட்டத்தின் கட்டாயத்தால் இரவில் சாவடியில் போய்ப் படுத்தவர். வெளியூர் போக வேண்டுமானால் ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். எங்கே போகிறாய், எதற்குப் போகிறாய், எப்போது திரும்புவாய் என்று அதில் எழுதியிருக்கும். போன ஊரில் அதைக் காட்டி ஒப்பம் வாங்க வேண்டும். அப்பத்தா சொல்லக் கேட்டிருக்கிறேன்: "உங்க தாத்தா திருமங்கலம் சந்தைக்கு ஆடு பிடிக்கப் போறதுக்குள்ள சந்தையே கலஞ்சு போகும்யா." சீட்டு எழுதிக்கொடுக்கிறவர் வரும்வரை காத்திருக்க வேண்டும் அல்லவா, அதைச் சொல்கிறார். தாத்தா எந்தத் தப்பும் செய்ததில்லை என்று அப்பத்தா என்னிடம் ஒருநாளும் வாதாடியதில்லை. வாதாட வேண்டிய தேவையே இல்லை என்று எனக்குப் புரிய வெகுகாலம் ஆயிற்று. அந்தப் பதிவேட்டில் தாத்தா என்ற மனிதர் இல்லவே இல்லை. அதில் இருந்தது ஒரு சாதி, அதில் அவர் ஒரு வரி.

இனி, நான் பத்து ஆண்டுகளாகச் செய்துவந்ததைச் சொல்கிறேன்.

என் ஃபோனில் இருப்பிடம் அணைந்தே இருக்கும். வாட்ஸப் வைத்துக்கொள்ளவில்லை. அதற்குப் பதிலாக சிக்னல் என்ற செயலி வைத்திருந்தேன். கடைகளில் எண் கேட்டால் தரமாட்டேன். காருக்கு ஃபாஸ்டேக் ஒட்டாமல் கப்பலூர் சுங்கச்சாவடியில் ரொக்கமாகக் கட்டினேன். 2021 பிப்ரவரி நடுவில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு, இல்லாத வண்டிக்கு இரட்டிப்புக் கட்டணம். அதையும் கட்டினேன். அதை ஒரு போராட்டம் என்றே உண்மையாக நம்பினேன். கொள்கைக்காகக் கொடுக்கிற விலை என்று நினைத்தேன்.

ஒரு பயிலரங்கு முடிந்த பிறகு மாணவி ஒருத்தி வந்து கேட்டாள். "சார், நான் வாட்ஸப்ப எடுத்துடுறேன். எங்கம்மா ரேஷன் கடையில ரேகை வைக்காம அரிசி வாங்க முடியுமா?" குத்தலாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ரேகை என்ற அந்தச் சொல் எங்கள் வீட்டில் எப்படிப்பட்ட சொல் என்று அவளுக்குத் தெரியாது. அவளுடைய அம்மா செங்கல் சூளையில் வேலை செய்தவர், விரலில் வரி தேய்ந்துபோய் ரேகை விழுவதில்லை. நாலைந்து முறை விரலை மாற்றி மாற்றி வைக்கவேண்டியிருக்கிறது. நான் அன்று சொன்ன பதில் எனக்கே இன்று நினைவில்லை. பதிலாக எதுவும் இருந்திருக்காது. ஏனென்றால் என் ஒன்றரை மணி நேரப் பேச்சில் அவளுடைய அம்மாவுக்கு ஒரு வரி இல்லை.

அன்றிலிருந்து நான் செய்துவந்த ஒவ்வொன்றையும் எடுத்துவைத்துப் பார்த்தேன். அது எதைத் தடுத்தது?

கப்பலூரிலிருந்து ஆரம்பிப்போம். ரொக்கமாகக் கொடுத்தாலும் சுங்கச்சாவடிக் கேமரா என் எண் பலகையைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அதைவிடப் பெரிய விஷயம், அந்த எண் பலகைக்குப் பின்னால் இருக்கிற விவரங்கள். நம் வண்டிப் பதிவு விவரம் முழுவதும் 'வாகன்' என்ற மத்தியத் தரவுத்தளத்தில் இருக்கிறது, ஓட்டுநர் உரிமம் 'சாரதி'யில். 2019இல் மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் அவற்றை மொத்தமாக விற்பதற்கு ஒரு கொள்கையே வகுத்தது. ஒரு நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அந்த ஆண்டு ஜூலையில் அமைச்சர் மாநிலங்களவையில் சொன்ன கணக்கு: 87 தனியார் நிறுவனங்களுக்கும் 32 அரசு அமைப்புகளுக்கும் இந்தத் தரவுகள் திறந்துவிடப்பட்டிருந்தன, 65 கோடி ரூபாய் வருமானம் வந்திருந்தது. அந்தரங்கத்துக்குக் கேடு என்ற கண்டனங்களுக்குப் பிறகு 2020 ஜூனில் அந்தக் கொள்கையைக் கைவிட்டார்கள். நான் இருப்பிடத்தை அணைத்துவைத்துக்கொண்டு இரட்டிப்புக் கட்டணம் கட்டியதற்கு முந்தைய ஆண்டுகளிலேயே என் வண்டியின் விவரம் விலைபோயிருந்தது. அதைத் தடுக்க என் ஃபோனில் எந்தப் பொத்தானும் இல்லை. பதிவு செய்யாமல் வண்டி வாங்க முடியாது, அவ்வளவுதான்.

ரேஷனும் அப்படித்தான். 2021இல் பெங்களூரு இணையப் பாதுகாப்பு நிறுவனம் ஒன்று, தமிழ்நாட்டுப் பொது விநியோகத் திட்டப் பயனாளிகள் ஏறத்தாழ 50 லட்சம் பேரின் விவரங்கள் ஆதார் எண்களோடு வெளியே கசிந்து கிடப்பதாக அறிவித்தது. அந்த 50 லட்சம் பேரில் எத்தனை பேர் கவனமானவர்கள், எத்தனை பேர் அசட்டையானவர்கள் என்ற கேள்விக்கு அங்கே அர்த்தமே இல்லை. கதவு அவர்கள் வீட்டில் இருந்ததில்லை.

வாட்ஸப்பில் நான் இல்லை. ஆனால் என் எண் என் மைத்துனர் ஃபோனில், மருந்துக்கடைக்காரர் ஃபோனில், பழைய மாணவர்கள் நூற்றுக்கணக்கானவர்களின் ஃபோனில் என் பெயரோடு இருக்கிறது. தொடர்புப் பட்டியலைப் பார்க்க அவர்கள் செயலிக்கு அனுமதி கொடுத்தபோது என்னையும் சேர்த்தே கொடுத்தார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. மொய் நோட்டில் ஒரு வீட்டார் எழுதிய பெயரை இன்னொரு வீட்டார் அழிக்க முடியாது. நம் வாழ்க்கை அப்படி ஒருவர் நோட்டில் இன்னொருவர் பெயராகத்தான் எழுதப்பட்டிருக்கிறது. உறவு என்றாலே அதுதானே? அந்தரங்கத்தை ஒற்றை ஆளின் சொத்தாக நினைக்கும் வழக்கம் நம் ஊருக்குப் பொருந்தாது என்று சிலர் சொல்வார்கள், அதனால் இங்கே அந்தரங்கமே தேவையில்லை என்றும் முடிப்பார்கள். முதல் பாதி சரி. அதிலிருந்து எனக்குக் கிடைக்கிற முடிவு நேர் எதிரானது. தெருவுக்கும் ஊருக்கும் உறவுக்கும் பொதுவான ஒன்றைத் தனியாள் கவனத்தால் காப்பாற்ற முடியாது. பொதுவில்தான் காப்பாற்ற வேண்டும்.

சட்டப் பாடம் போலத் தோன்றினாலும், 1911 சட்டத்தில் ஒரு பிரிவைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பதிவுக்கு வரும்படி அறிவிக்கப்பட்ட இனத்தைச் சேர்ந்த எவருக்கும் மாவட்ட மாஜிஸ்திரேட் விலக்கு அளிக்கலாம். விலக்கு! நிலம் உள்ளவரா, சொல்வாக்கு உள்ளவரா, அதிகாரியிடம் போய் நிற்கத் தெரிந்தவரா, அவர் தப்பித்துக்கொள்ள வழி உண்டு. இதில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். சட்டத்தை எதிர்க்கக்கூடிய வசதியும் படிப்பும் யாருக்கு இருக்கிறதோ, அவரை மட்டும் மெல்ல வெளியே எடுத்துவிடுகிறது. மீதிப்பேர் உள்ளேயே இருக்கிறார்கள், அவர்களுக்காகப் பேச ஆளும் குறைந்துவிடுகிறது.

நான் இரட்டிப்புக் கட்டணம் கட்டி வாங்கியது அப்படியொரு விலக்கு என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது. என் ஓய்வூதியம் அதை வாங்கிக் கொடுத்தது. கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குத் தினம் சரக்கு ஏற்றிப் போகிற சிறிய வேன்காரர் அதை வாங்க முடியாது. இன்று 'அமைப்புகள்' என்ற பக்கத்துக்குள் போனால் நிறுவனங்கள் நமக்குத் தருகிற தேர்வுகளும் இந்த வகைதான். நேரமும் ஆங்கிலமும் பொறுமையும் உள்ளவர் விலக்கு வாங்கிக்கொள்ளலாம்.

கப்பலூர் என்றதும் உங்கள் முகங்கள் மாறுவதைப் பார்க்கிறேன். அந்தச் சுங்கச்சாவடி இந்த ஊருக்கு என்ன பாடு என்று நான் சொல்லத் தேவையில்லை. நகராட்சி எல்லையிலிருந்து 10 கிலோமீட்டருக்கு அப்பால் சாவடி இருக்க வேண்டும் என்று 2008ஆம் ஆண்டு விதிகள் பொதுவாகச் சொல்கின்றன. இங்கே அது ஊர் வாசலில் இருக்கிறது. 2024 ஜூலையில் உள்ளூர் வண்டிகளுக்கும் பாதிக் கட்டணம் என்று ஆரம்பித்தபோது ஊரே சாலைக்கு வந்தது, கடைகள் அடைத்தன. அமைச்சரும் அதிகாரிகளும் வந்து உட்கார்ந்து பேச வேண்டியதாயிற்று. ஆண்டுக்கணக்கில் தனியாளாக நான் கட்டிய இரட்டிப்புப் பணம் எந்த அதிகாரியையும் ஒரு நிமிடம்கூட உட்கார வைத்ததில்லை. சொல்லப்போனால் அவர்களுக்கு அது வருமானம்.

அந்தப் போராட்டத்தில் கட்டணத்தைப் பற்றி மட்டுமே பேசினோம். உள்ளூர்க்காரர் என்று நிரூபிக்க ஒவ்வொரு முறையும் அடையாளச் சான்றைக் காட்ட வேண்டியிருந்ததைப் பற்றி, நம் போக்குவரத்து யாருடைய கணினியில் எத்தனை ஆண்டு கிடக்கிறது என்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டியவன் நான். கூட்டத்தில் நின்றும் கேட்கவில்லை. என் ஃபோன் பாதுகாப்பாக இருக்கிறது என்ற நிம்மதியில் இருந்துவிட்டேன். அந்த நிம்மதிதான் இந்தத் தனிநபர் வழியில் எனக்குப் பெரிய ஆபத்தாகத் தெரிகிறது. செய்ய வேண்டியதைச் செய்து முடித்துவிட்டது போன்ற உணர்வை அது தருகிறது.

விருப்பம் என்ற சொல்லைப் பற்றியும் கொஞ்சம் பேச வேண்டும். 1906இல் தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வாலில் இந்தியர்கள் எல்லாரும் பத்து விரல் ரேகையும் வைத்துப் பதிய வேண்டும் என்று சட்ட வரைவு வந்தது. அந்த செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் அரங்கில் கூடி, பதிவதில்லை என்று உறுதி எடுத்தார்கள். சிறை சென்றவர்களில் தமிழர்கள் நிறைய, அவர்களுக்குத் தலைவராக முன்னால் நின்றவர் தம்பி நாயுடு. 1908 ஜனவரியில் ஜெனரல் ஸ்மட்ஸோடு காந்தி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார். எல்லாரும் தாமாக விரும்பிப் பதிந்துகொண்டால் கட்டாயச் சட்டம் போய்விடும் என்பது அவர் புரிந்துகொண்ட உடன்பாடு. பிப்ரவரி 10 அன்று காந்தி தானே பதியப் போனார். வழியில் மீர் ஆலம் என்ற பட்டாணியரும் கூட்டாளிகளும் அவரை அடித்து வீழ்த்தினார்கள், உடன் போன தம்பி நாயுடுவுக்கும் அடி. அத்தனை வலியோடும் காந்தி ரேகை வைத்தார். சட்டமோ போகவில்லை. விருப்பப் பதிவும் முடிந்தது, கட்டாயமும் நின்றது.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் பார்க்க வேண்டும். 1908 ஆகஸ்ட் 16, ஹமீதியா மசூதி வளாகத்தில் ஒரு பெரிய இரும்புக் கொப்பரை வைத்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுச் சான்றுகளை அதில் போட்டுக் கொளுத்தினார்கள். அவரவர் வீட்டு அடுப்பில் அவரவர் சான்றை எரித்திருந்தால் அது சான்று தொலைத்தவர்களின் கணக்காக முடிந்திருக்கும். ஒரே கொப்பரையில் போட்டதால் அது அரசியல் ஆயிற்று.

ஆதாரும் விருப்பம் என்றுதான் வந்தது. விண்ணப்பத்திலேயே அப்படித்தான் இருந்தது. பிறகு எரிவாயு மானியம், ரேஷன், வங்கி, சிம் கார்டு என்று ஒவ்வொன்றிலும் போய் ஒட்டிக்கொண்டது. ஆதார் இல்லை என்பதற்காக யாரும் துன்பப்படக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2013 செப்டம்பரிலேயே இடைக்கால உத்தரவு போட்டிருந்தது. நாலு ஆண்டு கழித்து, 2017 செப்டம்பரில், ஜார்கண்டின் சிம்டேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி ஒருத்தி இறந்தாள். ஆதாரோடு இணைக்காததால் குடும்ப அட்டை ரத்தாகி, மாதக்கணக்கில் அரிசி வரவில்லை என்றது குடும்பம். பட்டினிச்சாவு இல்லை என்றது அரசுத் தரப்பு. அடுத்த மாதம், ஆதார் இல்லாததற்காக யாருக்கும் ரேஷன் மறுக்கக் கூடாது, அட்டையை நீக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை சுற்றறிக்கை அனுப்பியது. அந்த வீட்டில் யாரிடமும் போய் 'உங்கள் விருப்பம்' என்று சொல்ல எனக்கு நா எழாது.

இப்போது இந்த ஊருக்குச் சங்கடமான ஒன்றைப் பேசப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்ப் பெயரைச் சேர்த்து நாடு முழுக்க ஒரு சொற்றொடர் உலவுகிறது. 2009 ஜனவரி 9 இடைத்தேர்தலுக்குப் பிறகு வந்தது. ஓட்டுக்குப் பணம் என்பதற்கே நம் ஊர்ப் பெயரை வைத்துவிட்டார்கள். அதில் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதற்குள் நான் போகவில்லை. வேறொரு கேள்வி எனக்கு முக்கியம். பணம் வாங்கியவர் எந்தப் பொத்தானை அழுத்தினார் என்று கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. தெரியக் கூடாது என்று சட்டம் கட்டி வைத்திருக்கிறது. வாக்காளர் விரும்பினாலும் தன் ஓட்டை அங்கே நிரூபித்துக் காட்ட முடியாதபடி மறைப்பு இருக்கிறது, படம் எடுக்கத் தடை இருக்கிறது. வாக்குச்சாவடிக்குள் ரகசியம் காப்பது வாக்காளரின் கடமை என்றே 1961ஆம் ஆண்டுத் தேர்தல் நடத்தை விதிகள் சொல்கின்றன. இதுதான் நான் இன்று சொல்ல வந்ததன் நடு. நம் வாழ்க்கையில் மிக உறுதியாகக் காக்கப்படும் அந்தரங்கம் எது என்று கேட்டால், ஓட்டு. அது நம்முடைய தேர்வில் விடப்படவில்லை. "வேண்டுமானால் மறைத்துக்கொள், வேண்டாவிட்டால் காட்டிக்கொள்" என்று விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மிராசுதார் முன்னால் கூலிக்காரர் மறைத்துக்கொள்ளும் 'தேர்வை' எடுத்திருக்க முடியுமா? மறைத்தாலே சந்தேகம் வந்திருக்கும். எல்லாரும் மறைத்தே ஆக வேண்டும் என்றிருப்பதால்தான் மறைக்க வேண்டியவர் தனியாகத் தெரிவதில்லை.

அந்த ஏற்பாட்டிலும் ஓட்டை விழுந்திருக்கிறது. வாக்குச்சீட்டுக் காலத்தில், மிரட்டலுக்கு இடமிருக்கும் தொகுதிகளில் பல பெட்டிகளின் சீட்டுகளை ஒன்றாகக் கலந்து எண்ணலாம் என்று விதி இருந்தது. மின்னணு இயந்திரம் வந்தபின் ஒவ்வொரு சாவடிக்கும் எண்ணிக்கை தனித்தனியாக வெளியாகிறது. ஒரு சாவடி என்றால் சில தெருக்கள், ஏறத்தாழ ஆயிரம் பேர். எந்தத் தெரு யாருக்குப் போடவில்லை என்று கட்சிக்காரர் காலையில் காகிதத்தைப் பார்த்துச் சொல்லிவிடுகிறார். தெருவுக்குத் தண்ணீர் லாரி வராமல் போவதற்கு அது போதும். பல இயந்திரங்களின் கணக்கைச் சேர்த்து ஒரே தொகையாகச் சொல்லும் 'டோட்டலைசர்' கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது, சட்ட ஆணையம் தன் 255ஆம் அறிக்கையில் 2015இல் அதை ஆதரித்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. இங்கே ஒரு தெருவின் அந்தரங்கம் போயிருக்கிறது. எந்தத் தனிமனிதர் என்ன அமைப்பை மாற்றி அதைத் திரும்ப வாங்குவார்?

2021 ஜனவரியில் வாட்ஸப் தன் புதிய கொள்கையை அறிவித்தபோது, உங்களில் பலர் சிக்னலுக்கு மாறினீர்கள், ஒரு மாதத்தில் திரும்பினீர்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சங்கக் குழுவும் பள்ளிக்கூடக் குழுவும் அங்கே இருக்கும்போது ஆள் மட்டும் எங்கே போவது? அதே நிறுவனத்தின் அதே செயலி ஐரோப்பாவில் வேறு நிபந்தனைகளோடு இருந்தது. அங்கிருப்பவர்கள் நம்மைவிட உஷாரானவர்கள் என்பதால் இல்லை. 2018 முதல் அவர்களுக்கு ஒரு வலுவான சட்டம் இருந்தது. இங்கே 2024 நவம்பரில் இந்தியப் போட்டி ஆணையம் அந்தக் கொள்கைக்காக மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அபராதம் வந்தது ஓர் அமைப்பிடமிருந்து, செயலியை நீக்கியவர்களின் கணக்கிலிருந்து வரவில்லை.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன வழக்கைத் தொடுத்தவர் கே.எஸ். புட்டசாமி. கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் வழக்குப் போடும்போது அவருக்கு வயது 86. தான் மட்டும் ஆதார் எடுக்காமல் இருந்துகொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளியிருக்க அவருக்கு வசதி இருந்தது. வழக்குப் போட்டார், மற்றவர்களும் வந்து சேர்ந்தார்கள். 2018 செப்டம்பர் தீர்ப்பு அவர்கள் கேட்டதை முழுதாகத் தரவில்லை, ஆதார் செல்லும் என்றே பெரும்பான்மை நீதிபதிகள் சொன்னார்கள். ஆனால் வங்கிக் கணக்குக்கும் சிம் கார்டுக்கும் அதைக் கட்டாயமாக்க முடியாது என்றார்கள். 2024இல் தம் 98ஆம் வயதில் அவர் மறைந்தார்.

கூட்டாகப் போராடினால் வென்றுவிடலாம் என்று நான் ஆசை காட்டவில்லை. பெருங்காமநல்லூர் அன்று வெல்லவில்லை. அதற்குப் பிறகும் கிராமம் கிராமமாக ரேகை எடுத்தார்கள். மதுரையில் வழக்கறிஞராக இருந்த ஜார்ஜ் ஜோசப், கேரளத்திலிருந்து வந்தவர், இந்தச் சட்டத்துக்கு எதிராக எழுதினார், கோர்ட்டில் நின்றார். மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று அழைத்தார்கள். அந்தப் பெயரைப் பிள்ளைகளுக்கு வைத்தவர்கள் உண்டு. முத்துராமலிங்கத் தேவர் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1947இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது, நாடு முழுவதும் 1952இல். துப்பாக்கிச் சூட்டிலிருந்து எண்ணினால் 27 ஆண்டு. அந்த 27 ஆண்டில் விலக்கு வாங்கியவர்கள் விலக்கோடு வாழ்ந்தார்கள். சட்டம் நீங்கியது விலக்கு கிடைக்காதவர்களால்.

இன்னொன்று. பெருங்காமநல்லூரில் சுட்ட அதே 1920இல் கைதிகளை அடையாளம் காணும் சட்டம் என்று ஒன்று இயற்றப்பட்டது. விரல் ரேகை, கால் தடம் எடுப்பதற்கானது. அது நூறாண்டுக்கு மேல் இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டு வந்த குற்றவியல் நடைமுறை அடையாளச் சட்டம், ரேகையோடு கருவிழி, விழித்திரை, கையெழுத்து, நடத்தைக் கூறுகள் வரை எடுக்க அனுமதிக்கிறது. எடுத்ததை 75 ஆண்டு வைத்திருக்கலாம். என் தாத்தாவின் ரேகை அவர் ஆயுளைவிட அதிக காலம் அலமாரியில் இருந்ததா என்று எனக்குத் தெரிந்துகொள்ள வழியில்லை. இன்றைக்கு வைக்கப்படுவது நிச்சயம் இருக்கும்.

தரவுப் பாதுகாப்புக்கென்று 2023இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது, 2025 நவம்பரில் விதிகளும் வந்தன. நல்லது என்றுதான் நினைத்தோம். அரசின் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தை அது அரசிடமே கொடுக்கிறது. கூடவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கைவைத்து, தனிநபர் தகவல் என்றால் பொதுநலன் கருதியாவது தரலாம் என்று அந்தப் பிரிவிலேயே இருந்த வாசலை அடைத்துவிட்டது. வேலை உறுதித் திட்டத்தில் யார் பெயரில் பணம் எடுக்கப்பட்டது என்று இந்தப் பக்கத்துப் பெண்கள் கேட்டுக் கண்டுபிடித்ததெல்லாம் எந்தச் சட்டத்தை வைத்து? அந்தரங்கத்தின் பெயரைச் சொல்லி அதிகாரி மறைந்துகொள்வார், கூலிக்காரர் மட்டும் ரேகையோடு வெளியே நிற்பார். அந்தரங்கம் பற்றி அக்கறை உள்ளவர்கள் தங்கள் ஃபோனைவிட்டு நிமிர்ந்து பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

ஃபோனில் கவனமே வேண்டாம் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது, குறிப்பாக இங்கே இருக்கிற மாணவிகள். பின்தொடர்ந்து தொல்லை தருகிறவனிடமிருந்து ஒரு பெண் தன் இருப்பிடத்தை மறைப்பது அவசியம். புகார் கொடுத்தவரின் பெயரைக் காக்கிற பத்திரிகையாளருக்கு அது தொழில் தர்மம். ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று உங்கள் அம்மாவுக்குச் சொல்லிக் கொடுங்கள், இன்றைக்கே. குடையைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். கண்மாய்க் கரை உடைகிறபோது குடையோடு வீட்டில் நிற்கக் கூடாது என்கிறேன். கரை உடைந்தால் நம் பக்கத்து ஊர்களில் என்ன செய்வார்கள் என்று உங்களுக்குத் தெரியும், வீட்டுக்கு ஓர் ஆள் மண்வெட்டியோடு போவார்.

அதனால் நண்பர்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதியிருக்கிறோம். வாசல் மேசையில் இருக்கிறது. நகராட்சி மன்றத்துக்கு. ஊரிலுள்ள தெருக் கேமராக்களின் பதிவை யார் பார்க்கிறார்கள், எத்தனை நாள் வைத்திருக்கிறார்கள், முகத்தை அடையாளம் காணும் மென்பொருளோடு அதை இணைத்திருக்கிறார்களா, தவறு நடந்தால் எந்த அதிகாரி பதில் சொல்வார் என்று கேட்கிறோம். பதிலை மன்றக் கூட்டத்தில் வாசிக்க வேண்டும் என்றும், எழுத்தில் ஒட்ட வேண்டும் என்றும் கேட்கிறோம். ரேஷன் கடையில் ரேகை விழாதவரைத் திருப்பி அனுப்பாமல் பொருள் கொடுக்கும் வழிமுறையைக் கடை வாசலில் தமிழில் பலகையாக வைக்கச் சொல்லி வட்ட வழங்கல் அலுவலருக்கு இன்னொரு மனு. அதை எழுதியது, என்னைக் கேள்வி கேட்டாளே அந்த மாணவி. அவளுடைய அம்மா இன்று வந்திருக்கிறார், மூன்றாவது வரிசையில்.

மேசையை ஏற்பாடு செய்த தம்பி, எழுதத் தெரியாதவர்கள் வந்தால் ரேகை வைக்கட்டும் என்று மைத்தட்டு ஒன்று வாங்கி வைத்திருந்தார். நான் அதை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். பெயரைச் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.